தோற்றவள் வீட்டுக்குப் போகவில்லை

தாயி,

நேற்று போனில் நீ பேசியதற்கெல்லாம் நான் "ம்", "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை. எனக்குப் போனில் பேச வராது. ரிசீவரைக் காதில் வைத்ததும் எதையும் ரெண்டு வார்த்தையில் முடித்துவிடத் தோன்றும். உன்னிடம் சொல்ல வேண்டியதை ரெண்டு வார்த்தையில் முடிக்க முடியாது. அதனால் இன்று காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மா எதிரில் கடலை உடைத்துக்கொண்டிருக்கிறாள். என்ன எழுதப் போகிறேன் என்று அவளுக்குத் தெரியும். "எழுதுறதுன்னா எல்லாத்தையும் எழுதுங்க. ஒங்களுக்குத் தோதானத மட்டும் எழுதாதீங்க" என்று சொல்லிவிட்டாள். ஆகவே எல்லாவற்றையும் எழுதுகிறேன். படித்து முடிக்கும்வரை என்னைத் திட்டாமல் இரு.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் கேட்டேனா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். வார்டு எலக்சனில் தோற்றது கூட உனக்குப் பெரிதில்லை. ரெண்டு வருடமாக உங்கள் தெருப் பெண்களோடு காலிக்குடத்தைத் தூக்கிக்கொண்டு நகராட்சி ஆபீசுக்கு நடையாக நடந்தாய். பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை வந்த தண்ணீரை ஆறு நாளுக்கு ஒருமுறை வர வைத்தாய். அந்தத் தெருவிலேயே பாதிப் பேர் உனக்கு ஓட்டுப் போடவில்லை. "இனி யார் மூஞ்சியிலப்பா முழிக்கிறது? வீட்டக் காலி பண்ணிட்டு மில்லுப் பக்கம் போயிறோம். இதோட அரசியலுக்கு ஒரு கும்பிடு" என்றாய். மாப்பிள்ளையும் வீடு பார்த்துவிட்டதாகச் சொன்னார். பாவம், உன் வாடின முகத்தைப் பார்க்க முடியாமல் அவர் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் வருவார்.

தாயி, தேர்தல் முடிந்த மறுநாள் என்ன நடக்கும் என்பது பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். ஆனால் நான் தோற்ற பக்கத்தில் இருந்து அதைத் தெரிந்துகொண்டவன் அல்ல. ஜெயித்த பக்கத்தில் மாலை போட்டுக்கொண்டு நின்றவன். உன் அம்மா நம் பஞ்சாயத்துக்குத் தலைவராக இருந்த ஐந்து வருடமும் நீ திண்டுக்கல்லில் ஹாஸ்டலில் இருந்தாய். லீவுக்கு வரும்போது நாங்கள் உனக்குக் கறிக்குழம்பு வைத்துப் போட்டோமே தவிர, நடந்ததைச் சொல்லவில்லை. நான் சொல்லவில்லை, வெட்கம். அவள் சொல்லவில்லை, ஏன் என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

நம் பஞ்சாயத்தைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள் என்று சேதி வந்தபோது எனக்கு உலகமே இடிந்தது போல இருந்தது. பத்து வருடமாக அந்த நாற்காலிக்குக் குறிவைத்துக் கல்யாணம், காதுகுத்து, சாவு என்று ஒன்று விடாமல் போய் வந்தவன் நான். ஒருநாள் பூரா படுத்துக் கிடந்தேன். மறுநாள் எழுந்து உன் அம்மாவிடம் போய், "நீ நிக்கிற" என்றேன். அவள் அப்போதும் கடலைதான் உடைத்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். "எங்க?" என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னதும், "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதேங்க" என்றாள். "நீ ஒண்ணும் பண்ண வேணாம். நான் காட்டுற எடத்துல கையெழுத்துப் போடு, போதும்" என்றேன். நீ நாலாவது படிக்கும்போது சிலேட்டில் அவளுக்குப் பெயரெழுதச் சொல்லிக்கொடுத்திருந்தாய் இல்லையா, அந்த ஒரு பெயரை மட்டும் கோலம் போடுவது மாதிரி வரைவாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. நோட்டீசில் என் படத்தைப் பெரிதாகவும் அவள் படத்தை ஒரு மூலையில் ஸ்டாம்பு அளவிலும் போட்டேன்.

எதிர்த்து நின்றது ஆரோக்கியமேரி. மாதா கோயிலை ஒட்டிய வேதக்காரர் தெருவில் தையல் மிஷின் வைத்திருந்தாளே, புருஷன் இறந்தபிறகு தைத்தே பிழைத்தவள். சாயங்காலத்தில் பெண்களைக் கூட்டி வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்ததால் ஊரில் எல்லாரும் அவளை மேரி டீச்சர் என்பார்கள். அவளுக்குக் கட்சி கிடையாது, ஆள் கிடையாது, ஜீப் கிடையாது. கழுத்தில் அளவெடுக்கும் டேப்போடு வீடு வீடாக நடந்து ஓட்டுக் கேட்டாள். நாங்கள் ஜெயித்தோம். நன்றாகவே ஜெயித்தோம்.

அன்றைக்கு மாலையெல்லாம் என் கழுத்தில்தான் விழுந்தது. மேளத்தோடு ஊரைச் சுற்றி வரும்போது மேரி வீட்டு வாசலில் வேண்டுமென்றே நிறுத்தி, கூடக் கொஞ்சம் அடிக்கச் சொன்னேன். இதை எழுதக் கை கூசுகிறது. அவள் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள். கதவைச் சாத்திக்கொள்வாள், இல்லாவிட்டால் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். சிரித்த முகத்தோடு கூட்டத்தைச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "தலைவர் எங்கண்ணே? அவுகளுக்கு வாழ்த்துச் சொல்லணும்ல?" என்று கேட்டாள்.

"வீட்டுல சமையலப் பாத்துக்கிட்டு இருக்கா" என்றேன்.

"அப்ப நான் அங்கயே போயிப் பாத்துக்கிறேன்" என்று மேளத்துக்கு நடுவே நடந்து போய்விட்டாள். நம் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து உன் அம்மாவின் கையைப் பிடித்து வாழ்த்துச் சொல்லியிருக்கிறாள். போகும்போது, "கிராம சபை என்னைக்குன்னு சொல்லி விடுங்கக்கா, வாரேன்" என்றாளாம். உன் அம்மா ராத்திரிச் சாப்பாட்டின்போது என்னிடம் அதைச் சொன்னாள். "தோத்தவளுக்கு அங்க என்ன வேலை?" என்று நான் சிரித்தேன். தோற்றவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள், நாலைந்து வருடம் கழித்துக் கும்பிட்டுக்கொண்டு வருவார்கள். ஊர் வழக்கம் அதுதான். நானும் அப்படித்தான் பழகியிருந்தேன்.

முதல் கிராம சபைக்கு நாலு பெண்களோடு வந்தாள். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டிருந்தது. தலைவர் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். மேரி எழுந்து, "தலைவர் வரலையாண்ணே?" என்று கேட்டாள்.

"அதான் நான் இருக்கேன்ல?"

"நீங்க ஒங்களுக்கா ஓட்டுக் கேட்டீங்க? அக்காவுக்குத்தான கேட்டீங்க?"

கூட்டம் சிரித்தது. என்னைப் பார்த்து இல்லை தாயி, அவளைப் பார்த்துத்தான். "தையக்காரம்மாவுக்குப் பதவி ஆசை விடல" என்று பின்னாலிருந்து ஒருத்தன் சொன்னான். அவள் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த கிராம சபைக்கு அவளோடு ரெண்டு பேர்தான் வந்தார்கள். அதற்கடுத்து அவள் மட்டும். நான் அதைக் கவனித்துக்கொண்டே இருந்தேன், உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அடுத்த முறை இவளும் வரமாட்டாள் என்று நினைத்தேன். அடுத்த முறையும் வந்தாள். ரெண்டாவது வரிசையில் உட்கார்ந்து, பழைய நோட்டு ஒன்றில் எழுதிக்கொண்டிருந்தாள். எந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை, எந்த அடிபம்பில் கைப்பிடி உடைந்திருக்கிறது, எந்தக் கிழவிக்கு முதியோர் பென்சன் நின்றுபோனது. அவ்வளவுதான் அந்த நோட்டில். வாரத்தில் ஒருநாள் மிஷினை மூடிவைத்துவிட்டு, பஸ் பிடித்துக் குஜிலியம்பாறை யூனியன் ஆபீசுக்குப் போய் மனுக் கொடுத்துவிட்டு வருவாள். அப்படித்தான் காலனித் தெரு அடிபம்பு சரியானது. ஆள் வந்து வேலையை முடித்துப் போன மறுநாளே, "தலைவர் முயற்சியால்" என்று பம்படியில் இருந்த தொட்டியில் பெயின்ட் அடித்து எழுத வைத்தேன். மேரி அதைப் படித்துவிட்டு என்ன சொல்வாளோ என்று ஆள் விட்டுப் பார்த்தேன். "தண்ணி வருதுல்ல, வரட்டும்" என்று சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாளாம். அவள் சண்டை போட்டிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

இதற்கு நடுவில் எனக்குத் தெரியாமல் ஒன்று நடந்துகொண்டிருந்தது. மேரி ஒருநாள் உன் அம்மாவைக் குழாயடியில் பார்த்து, "அக்கா, போன வாரம் நீங்க கையெழுத்துப் போட்டீங்கல்ல, அதுக்கு மேல என்ன எழுதியிருந்துச்சு?" என்று கேட்டிருக்கிறாள். குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாளாம். உன் அம்மா அரைக்குடத்தோடு கிளம்பிவிட்டாள். வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் யோசித்துவிட்டு, மூன்றாம் நாள் ஒரு துணியை எடுத்துக்கொண்டு மேரி வீட்டுக்குப் போயிருக்கிறாள். ரவிக்கை தைக்கப் போவதாக என்னிடம் சொன்னாள். அந்த ஒரு வருடத்தில் உன் அம்மா ரவிக்கை தைக்க எத்தனை தடவை போனாள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். ஒரு தலைவருக்குக்கூட அத்தனை ரவிக்கை எதற்கு? எனக்கு யோசிக்க நேரமில்லை. நான் ஊரை ஆண்டுகொண்டிருந்தேன்.

ரெண்டாம் வருடம் மழை பொய்த்தது. திண்டுக்கல்லில் தண்ணீருக்கு எப்படிப் பறந்தார்கள் என்று உனக்கே தெரியும், ஹாஸ்டலில் ஒரு வாளித் தண்ணீரில் குளித்ததாக நீ கடிதம் போட்டிருந்தாய். அப்போது டவுனிலிருந்து லாரித் தண்ணீர் வியாபாரி ஒருவன் என்னைத் தேடி வந்தான். நம் ஊர்க் குளத்துக்குள் ஆழ்துளைக் கிணறு போட்டு, லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் டவுனில் விற்பதாக ஏற்பாடு. பஞ்சாயத்தில் ஒரு தீர்மானம் போட்டுக் கொடுத்தால் போதும் என்றான். எனக்கும் அதில் ஆதாயம் இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. குளத்தில் போர் போட்டால் குளத்தடிக் கிணறுகள் என்னவாகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை, நானும் விவசாயிதான். ஆனால் அதைப் பற்றி நினைக்காமல் இருந்துகொள்ள மனிதனால் முடிகிறது.

கிராம சபை அன்று காலையில் தீர்மானப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். கூட்டத்தில் கேட்காமலே, கேட்டு எல்லாரும் ஒப்புக்கொண்டதாக எழுதியாகிவிட்டது. உன் அம்மா அரிசி களைந்து உலையில் போட்டுக்கொண்டிருந்தாள். "இங்க ஒரு கையெழுத்துப் போடு" என்றேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினாள். பேனாவை வாங்கவில்லை. முதல் வரியில் விரலை வைத்து, "கு... ள... த்... து... க்... குள்" என்று எழுத்துக்கூட்ட ஆரம்பித்தாள். நான் முதலில் விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் நிறுத்தவில்லை. ஒரு பக்கத்தை முழுதாக வாசித்தாள். உலை பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துபோனது, அதைக்கூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, "இதுல நான் கையெழுத்துப் போடமாட்டேங்க" என்றாள்.

"யாருடி ஒனக்கு இதச் சொல்லிக்குடுத்தது?"

"சொல்லிக்குடுத்தது யாரா இருந்தா என்ன? எழுதியிருக்கிறது இதுதான?"

தாயி, நான் அவளை அடித்தேன். கன்னத்தில். அது முதல்முறை இல்லை, உனக்குத் தெரியாதது போல நான் எழுத முடியாது. ஆனால் அதுதான் கடைசி. அதற்கு என் நல்ல குணம் காரணமில்லை, அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் காரணம். அவள் அழவில்லை. அணைந்த அடுப்பை மறுபடி மூட்டிச் சோற்றை வடித்து வைத்தாள். முகம் கழுவினாள், தலை சீவினாள், புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினாள். "எங்க போற?" என்று கத்தினேன். "கூட்டத்துக்கு நேரமாச்சு" என்றாள்.

நான் பின்னால் ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கன்னம் தடித்துச் சிவந்திருந்தது. முந்தானையால் அதை மறைக்கவில்லை. ஊரே பார்த்தது. எழுந்து நின்று, புத்தகத்தைப் பிரித்து, மறுபடி எழுத்துக்கூட்டி வாசித்தாள். தப்புத்தப்பாக வாசித்தாள். "ஆழ்துளை" என்ற இடத்தில் நாக்கு மூன்று தடவை தடுக்கியது. ஒருவரும் சிரிக்கவில்லை. மேரி ரெண்டாவது வரிசையில்தான் இருந்தாள். அவள் நினைத்திருந்தால் அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. உன் அம்மாவே சொல்லட்டும் என்று காத்திருந்தாள். முடித்ததும் உன் அம்மா, "இதுக்கு நீங்க எல்லாரும் சம்மதிச்சதா இதுல எழுதியிருக்கு. சம்மதிச்சவுக கையத் தூக்குங்க" என்றாள். ஒரு கைகூட எழவில்லை. லாரிக்காரனுக்குச் சேதி போய், அவன் அந்தப் பக்கமே வரவில்லை.

மூன்று மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பிறகு ஐப்பசியில் கொஞ்சம் மழை பெய்து குளத்தில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. அடுத்த கோடையில் சுற்றுப்பட்டு ஊர்களிலெல்லாம் கிணறு வற்றிக் கிடந்தபோது, குளத்தடியில் இருந்த நம் கிணற்றில் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடியது. கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே வரப்பில் நின்றிருந்தேன். யாரால் இந்தத் தண்ணீர் என்று எனக்குத் தெரியும். மண்வெட்டியைப் போட்டுவிட்டு நேராக மேரி வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவள் மிஷினை நிறுத்தவில்லை, தைத்துக்கொண்டே "வாங்கண்ணே" என்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், அதை விட்டுவிட்டு, "ஏம்மா, தோத்த பெறகும் ஒருத்தி இப்படி விடாம வருவாளா? ஒனக்கு என்ன கெடச்சுச்சு?" என்று கேட்டுவைத்தேன்.

அப்போதுதான் மிஷினை நிறுத்தினாள். "தோத்த அன்னைக்கு ஒங்க மொகத்துக்கு முன்னால சிரிச்சுக்கிட்டு நின்னேன்ணே. அதுக்கப்புறம் ஒரு மாசம் கோயிலுக்குக்கூடப் போகல. யாரு எனக்குப் போடலன்னு ஒவ்வொரு மொகமா நெனச்சு நெனச்சு அழுதேன். ஒருநாள் காலனித் தெருவுல இருந்து ஒரு அக்கா, பென்சனுக்கு மனு எழுதித் தாடின்னு வந்துச்சு. எனக்கு ஓட்டுப் போட்டியான்னு கேக்க வாய் வரைக்கும் வந்துருச்சு. அத முழுங்கிட்டு, பேனாவத் தேடுனேன். இன்னைக்கு வரைக்கும் கேக்கல. தேர்தல்ல தான தோத்தேன்? ஊரவிட்டுப் போகலையே. தண்ணிக்கு அதே பைப்புக்குத்தான வாரேன்" என்றாள். பிறகு, "செத்த நேரம் இருங்க, காப்பி போடுறேன்" என்று எழுந்து உள்ளே போனாள். அந்தக் காப்பியைக் குடித்துவிட்டு வந்துதான் உன் அம்மாவிடம் மனம்விட்டுப் பேசினேன். என்ன பேசினேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். அது எங்களுக்குள்.

கதை இத்தோடு முடிந்து, அடுத்த தேர்தலில் மேரி ஜெயித்தாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அடுத்த தேர்தலில் உன் அம்மா நிற்கவில்லை. "மேரி நிக்கட்டும்" என்றாள். ரெண்டு பேரும் வெயிலில் வீடு வீடாக அலைந்தார்கள், நானும் கூடவே போனேன், நோட்டீசு ஒட்டினேன். மேரி ரெண்டாவது முறையும் தோற்றாள். இன்றுவரை அவள் ஒரு தேர்தலிலும் ஜெயித்ததில்லை. ஓட்டு எண்ணிய மறுநாள் காலையில் அவளும் உன் அம்மாவும் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கக்கூஸ் கட்டச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டுமாம், புதுத் தலைவர் பொறுப்பேற்பதற்குள் ஆபீசரைப் பார்த்துவிட்டால் நல்லதாம். அந்தக் கக்கூஸ் இப்போது இருக்கிறது. குளத்தில் தண்ணீர் இருக்கிறது. காலனித் தெரு அடிபம்பில் தண்ணீர் வருகிறது. மாலை போட்டுக்கொண்ட நீ ஐந்து வருடத்தில் செய்ததைச் சொல் என்று யாராவது என்னைக் கேட்டால், அந்தத் தொட்டியில் அடித்த பெயின்ட்டைத்தான் காட்ட வேண்டும். அதுவும் உரிந்துவிட்டது.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று நீ கேட்கலாம். ஒரே ஒரு தகுதிதான். ஜெயித்தவனுக்கு எது வலிக்கும் என்று எனக்குத் தெரியும். மேடை போட்டுத் திட்டினால் வலிக்காது, அது வேண்டாதவர்கள் வயிற்றெரிச்சல் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அதனால் திட்டாதே. முதலில் உங்கள் புதுக் கவுன்சிலரை வீட்டில் போய்ப் பார்த்து வாழ்த்துச் சொல்லிவிட்டு வா. முகத்துக்கு முன்னால் சிரிக்க வராது என்றால் சிரிக்க வேண்டாம், வாழ்த்தை மட்டும் சொல். ஆறு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற அன்று, எப்போதும் போலக் குடத்தோடு போய் வரிசையில் நில். ரெண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். உனக்குப் போடாதவர்கள் என்று நினைப்பாய். இருக்காது தாயி, உனக்குப் போட்டவர்களும் உன்னைப் பார்க்கக் கூச்சப்படுவார்கள், தங்களால் உன்னை ஜெயிக்க வைக்க முடியவில்லையே என்று. யார் எதற்குத் திரும்பிக்கொள்கிறார்கள் என்று ஆராயாதே. யாராவது மனு எழுதிக் கேட்டால் எழுதிக் கொடு. அந்தக் கவுன்சிலர் நல்லது ஏதாவது செய்தால், அவர் செய்தார் என்று வாய்விட்டுச் சொல். குறை சொல்ல மட்டுமே வாய் திறக்கிறவளின் குறையை நாளடைவில் யாரும் கேட்க மாட்டார்கள். உன் வேலைக்கு அவர் பெயின்ட் அடித்துக்கொண்டால் அடித்துக்கொள்ளட்டும்.

கூட வருகிறவர்கள் குறைவார்கள். அதற்கு மனதைத் தயார் செய்துகொள். குடத்தோடு நடந்த முப்பது பேர் மூன்று பேராவார்கள், ஒருநாள் நீ மட்டும் போவாய். அன்றைக்குத் திரும்பி வந்துவிடாதே, அன்றைக்குத்தான் போக வேண்டும். ஆனால் தனியாகவே போய்ப் பழகிவிடாதே. மேரி உன் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி, உங்கள் தெருவில் ஒருத்திக்காவது எந்த ஆபீசில் எந்தக் கவுன்டரில் எதைக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடு. அவளே பேசும்போது தடுக்கினால், எடுத்துக் கொடுக்காமல் பொறுமையாக இரு. அது எவ்வளவு கஷ்டம் என்று மேரியின் முகத்தில் நான் பார்த்திருக்கிறேன். பிறகு, வேளாவேளைக்குச் சாப்பிடு. எந்நேரமும் வீட்டில் இதையே பேசி மாப்பிள்ளையை அலுக்க வைத்துவிடாதே. அவரும் பேச வேண்டும், நீயும் கேட்க வேண்டும். என்னைப் போன்ற ஒருவனோடு உன் அம்மா குடும்பம் நடத்தினாள், உனக்கு வாய்த்தவர் தங்கம். அவரை ஒருநாள் தண்ணீர் வரிசையில் உன்னோடு கொண்டுபோய் நிறுத்திப் பார், தங்கம் தேறும்.

இங்கே எல்லாரும் சுகம். வருகிற திங்கட்கிழமைக் காலை பஸ்ஸில் உன் அம்மா வருகிறாள். ஒரு பை பச்சைக்கடலையும் முருங்கைக்காயும் கொண்டுவருவாள். ஒரு வாரம் இருப்பாளாம், உங்கள் தெருவில் தண்ணீர் வரும் நாளைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவாளாம். எனக்குச் சோறு வடிக்கவும் தொட்டுக்க வெஞ்சனம் வைக்கவும் தெரியும், கவலைப்பட வேண்டாம். வீட்டைக் காலி செய்வது பற்றி நீங்கள் ரெண்டு பேரும் பேசி முடிவு செய்யுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் முடிவு செய்வதற்கு முன் ஒன்றை மட்டும் நினைத்துப் பார். நீ வீடு காலி செய்கிறாய் என்ற சேதி உங்கள் தெருவில் பரவியிருந்தால், அதைக் கேட்டு யாருக்காவது மனம் லேசாகியிருக்கும் என்றால் அது ஜெயித்த அந்தக் கவுன்சிலருக்குத்தான். அவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்றில்லை. நாற்காலியில் உட்கார்ந்த எவனும் அப்படித்தான். மேரி தையல் மிஷினைக் கட்டிக்கொண்டு அவள் அண்ணன் ஊருக்கே போய்விட்டாள் என்று ஒருநாள் யாராவது வந்து சொல்வார்கள் என்று நானும் காத்திருந்தேன். ரெண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்தேன் தாயி. அப்படி ஒரு சேதி வரவே இல்லை.

அப்பா